உட்கார ஒரு சட்டம்

ஆரணியிலிருந்து போளூர் போகும் வழியில் வடமாதிமங்கலத்தைத் தொட்டு உள்ளே திரும்பினால், நெல்வயல்களுக்கு நடுவே திருமலைக் குன்று தெரிகிறது. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் நேமிநாதரைத் தரிசிக்க வருகிறார்கள். பாறையிலேயே செதுக்கிய, 16 அடி உயரமுள்ள அந்தச் சமணத் தீர்த்தங்கரர் முன்னால் நின்றால் யாருக்கும் பேச்சு அடங்கிவிடும். நான் வந்தது எழுத்தைப் பார்க்க. முதலாம் ராஜேந்திரனின் புகழ்பெற்ற திருமலைக் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தையது. அவன் வென்ற நாடுகள் வரிசையாக வருகின்றன. வங்காளத்து மகிபாலன் தோற்றது வருகிறது, கங்கை வருகிறது. பாடப்புத்தகம் அதோடு நின்றுவிடும். கல்வெட்டு நிற்பதில்லை. படையெடுப்பையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அது தன் சொந்த விஷயத்துக்கே வருகிறது. சாமுண்டப்பை என்ற பெண், ஒரு வணிகரின் மனைவி, குந்தவை ஜினாலயத்தில் நந்தாவிளக்கு எரிய 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் வைத்திருக்கிறாள். இதை எழுதி வைக்கத்தான் பாறையைத் தேடியிருக்கிறார்கள். மன்னனின் வெற்றிகள் அதற்கு முன்னுரை.

விளக்குக்குப் பொறுப்பானவர் தினமும் அந்தப் பாறையைக் கடந்துதான் போயிருக்கவேண்டும். ஒரு கட்டளையை என்ன சொல்லி எழுதுகிறோம் என்பதைப் போலவே எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம் என்று அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் கிளம்பிய நாட்களில் சென்னையில் சட்டப்பேரவை நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு கிடைத்திருந்தது. பேரவை கூடும் கோட்டைக்கு நேராகப் போவதைவிட, அங்கே செய்கிற சட்டம் யாரைத் தேடி வரவேண்டுமோ அவர்கள் பக்கமிருந்து கிளம்பிப் போகலாம் என்று தோன்றியது. அதனால்தான் பயணத்தைத் திருமலையில் தொடங்கினேன்.

ஆரணியில் காலை வேளையில் தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம்தான் வழிகாட்டும். இங்கே நெய்யும் பட்டு காஞ்சிபுரத்தைவிட எடை குறைவு, விலையும் குறைவு. அதனால் நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணங்களில் ஆரணிப் பட்டு நிறையவே இருக்கும். சுற்றிலும் தேவிகாபுரம், சேவூர், முள்ளிப்பட்டு என்று ஊருக்கு ஊர் தறிகள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் முன்னறை முழுக்கக் குழித்தறிதான். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, கீழே குழிக்குள் மிதிக்கட்டை. அன்று தறி ஓடவில்லை. பழைய பாவு முடிந்து புதுப்பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்து விரலால் ஒரு திருகு திருகினார். அடுத்த இழை. அடுத்தது. ஆயிரக்கணக்கான இழைகளை இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து முடித்தால்தான் நாடா ஓடும். கண் இழையை விட்டு அகலாமலே என்னிடம் பேசினார்.

“இன்னாம்மா, சட்டசபையா பாக்கப் போறே? கரண்டு ஃப்ரீன்னு குடுத்தாங்கோ, அது ஒழுங்கா வருது. மத்தது எங்களுக்கு எங்க தெரியுது?”

கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 200 யூனிட் என்று இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 ஆனது. மீட்டர் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, கணக்கு அவருக்கே தெரிகிறது. ஆனால் அவர் பிழைப்பையே காக்கவேண்டிய சட்டம் வேறொன்று. 1985இல் நாடாளுமன்றம் செய்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம். கரையும் முந்தானையும் வைத்த சேலை உட்படச் சில ரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று அது தடுக்கிறது. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டு, 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதைப் பற்றிக் கேட்டேன். “அப்பிடி ஒண்ணு இருக்குதுன்னு சொசைட்டில சொல்லுவாங்கோ. மிசின்ல போட்ட சேலையைப் பட்டுன்னு விக்கிறான், அதுவும் கண்ணால பாக்குறோம்” என்றார்.

அவருடைய தம்பி மகள் சென்னையில், தியாகராய நகரில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். “நான் நாள்பூரா குந்திக்கினே இருக்கறேன், முதுகு நோவுது. அவ நாள்பூரா நின்னுக்கினே இருக்கறா, காலு நோவுது. ரெண்டு பேரும் ஒரே சேலைக்குத்தாம்மா வேலை செய்யறோம்.”

இந்தப் பேச்சுதான் மீதிப் பயணத்துக்கு வழி காட்டியது. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்காகத் தமிழ்நாடு ஒரு சட்டமே செய்திருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. “அவளுக்குத் தெரியுமான்னு கேளு” என்றார்.

வந்தவாசி வழியாகப் போனேன். 1760 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய ஊர். தோற்ற பிரெஞ்சுக்காரர்கள் அடுத்த ஆண்டே புதுச்சேரியையும் இழந்தார்கள். சென்னைக் கோட்டையிலிருந்து அவர்கள் பெயர்த்து எடுத்துப் போயிருந்த கருங்கல் தூண்கள் அதன் பிறகுதான் திரும்பி வந்தன. இன்றைக்குச் சட்டப்பேரவைக் கட்டடத்தின் முகப்பில் நிற்பவை அந்தத் தூண்களே.

உத்திரமேரூரில் இறங்காமல் போக மனம் வரவில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. 919இல் ஒன்று, 921இல் ஒன்று. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். குடும்பு என்ற 30 ஊர்ப்பிரிவுகள், குடும்புக்கு ஓலை எழுதிக் குடத்தில் இட்டு ஆளை எடுப்பது, 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும், கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது. இதைச் சொல்லும் எல்லோரும் பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கும் பெருமைதான், ஆனால் முழுதாக இல்லை. இது பிராமண ஊரின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். நெய்தவரும் உழுதவரும் பெண்களும் அந்தக் குடத்துக்குள் இல்லை. என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அந்த இரண்டு தேதிகள். ஒரு விதியைச் செய்தார்கள், நடத்திப் பார்த்தார்கள், இரண்டே ஆண்டில் கூடி உட்கார்ந்து திருத்தினார்கள், திருத்தியதையும் அதே சுவரில் வெட்டினார்கள். சட்டம் செய்கிற வேலையில் இதைவிட நேர்மையான பழக்கம் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கோட்டை. அடையாள அட்டை, சோதனை, கைப்பேசியை ஒப்படைத்து டோக்கன். மாடத்தில் அமர்ந்தால் கீழே அவை முழுதாகத் தெரிகிறது. 234 பேருக்கான அவைக்கு அந்த மண்டபம் சிறியது. நெருக்கி அடித்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரவைத் தலைவரின் நாற்காலி மட்டும் உயரமாக, 1922இல் ஆளுநர் வில்லிங்டன் பிரபு அளித்தது. மணி அடித்ததும் தலைவர் வந்து ஒரு குறளைச் சொல்லிப் பொருளும் சொல்லி அவையைத் தொடங்குகிறார்.

கேள்வி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. தொலைக்காட்சியில் கூச்சலும் வெளிநடப்பும் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் ஒருமுறையாவது வந்து இதைக் கேட்கவேண்டும். ஓர் உறுப்பினர் தன் தொகுதியில் ஒரு தடுப்பணை கேட்கிறார். இன்னொருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் கேட்கிறார். ஊர்ப்பெயர்களாக வந்து விழுகின்றன, வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத ஊர்கள். அமைச்சர் “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்பார். உறுப்பினர் விடாமல் துணைக்கேள்வி கேட்பார். ஒரு குக்கிராமத்தின் பாலம் அந்த மண்டபத்தில் உரக்கச் சொல்லப்பட்டு அவைக்குறிப்பில் ஏறுகிறது. அதற்கு மதிப்பு உண்டு.

பிறகு கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை மீதான விவாதம். மணிக்கணக்கில் போகிறது. சட்டமுன்வடிவுகளின் முறை வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அமைச்சர் எழுந்து ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு கோருகிறார். ஓரிருவர் சுருக்கமாகப் பேசுகிறார்கள். அதன் பிறகு வேகம் பிடிக்கிறது. கூறு 2 சட்டமுன்வடிவின் பகுதியாக அமையும் என்பதை ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க. ‘ஆம்’ என்று ஒரு குரல் அலை. கூறு 3. ‘ஆம்’. முகப்பு, பெயர். ‘ஆம்’. நிறைவேறியது. அடுத்தது. ஒரு தடுப்பணைக்குக் கிடைத்த நேரம் ஒரு சட்டத்துக்குக் கிடைக்கவில்லை. மாடத்தில் இருந்த கல்லூரி மாணவர்கள் எந்தச் சட்டம் முடிந்தது, எது தொடங்கியது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வடிவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, அதனால் பாதிக்கப்படுகிறவர்களை அழைத்துக் கேட்க விதியில் வழி இருக்கிறது. அந்த வழியில் நம் பேரவை போவது அபூர்வம்.

இப்படி வேகமாகப் போனதால் அரசே சிக்கிக்கொண்ட ஒரு நாளும் உண்டு. 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஏப்ரல் 24இல் நிறுத்திவைத்தார்கள், மே நாளில் திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். திரும்பப் பெற்றதைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் குரல்களை முன்பே கேட்டிருந்தால் அந்தப் பத்து நாள் கொந்தளிப்பே தேவைப்பட்டிருக்காது.

கோட்டையிலிருந்து ஓமந்தூரார் தோட்டத்துக்கு வந்தேன். நான் தேடிவந்த சட்டம் பிறந்தது இங்கே, கலைவாணர் அரங்கத்தில். கொரோனா காலத்தில் இடைவெளி விட்டு உட்காரவேண்டி, பேரவையை இங்கே நடத்தினார்கள். 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை அறிமுகம் செய்தார். 22ஏ என்ற புதுப் பிரிவு. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் உட்கார வசதி இருக்கவேண்டும், வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் நிலை இருக்கக்கூடாது. இவ்வளவுதான். 2019 செப்டம்பரிலேயே மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் வைத்து, எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட விஷயம் இது. அந்தக் கூட்டத்தொடரிலேயே நிறைவேறியது. கூட்டத்தொடரின் கடைசி நாளான செப்டம்பர் 13இல் நீட் விலக்கு முன்வடிவும் நிறைவேறியதால் மறுநாள் தலைப்புச் செய்தி எல்லாம் அதுதான். நாற்காலிக்குத் தலைப்பில் இடம் கிடைக்கவில்லை.

மூலச் சட்டம் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் வந்தது. அவர் பெயரைத் தாங்கிய தோட்டத்திலேயே அது திருத்தப்பட்டிருக்கிறது. வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் எழுதிய அந்தச் சட்டத்தில் உட்காருவது பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த ஆண்டே வந்த மத்திய அரசின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 44ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. ஆலையில் வேலை செய்கிறவருக்கு 1948இல் கிடைத்தது, துணிக்கடையில் வேலை செய்கிறவருக்குக் கிடைக்க 2021 ஆகியிருக்கிறது. பிரிட்டனில் கடைப் பணிப்பெண்களுக்கு நாற்காலி போடச் சொல்லும் சட்டம் 1899லேயே வந்துவிட்டது. அவர்கள் ஆட்சி செய்த சென்னைக்கு அது கப்பல் ஏறவில்லை.

நமக்கு வழி காட்டியது கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை கழிப்பறை. பிறகுதான் நாற்காலி. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. நாட்டிலேயே அதுதான் முதலாவது, தமிழ்நாடு அடுத்தது. நம் ஊரில் இந்த வலியை ஊரறியச் சொன்னது வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’, 2010இல் வந்த படம். படம் பார்த்து அழுதவர்கள் எல்லாம் அடுத்த தீபாவளிக்கு அதே தெருவுக்குத் துணி எடுக்கப் போனோம். சட்டம் வர மேலும் 11 ஆண்டுகள் ஆயின.

தியாகராய நகரில் அந்தப் பெண் வேலை செய்யும் கடைக்குப் போனபோது இரவு ஆகிவிட்டது. முகூர்த்தப் பட்டு விற்கும் மாடி. வாடிக்கையாளர்கள் உட்கார மெத்தையிட்ட ஆசனங்கள் வரிசையாக இருந்தன. எதிரில் மேசைக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். ஒரு குடும்பம் சேலையைப் பார்த்து, பிரித்து, தோளில் போட்டு, வேண்டாம் என்று எழுந்து போனது. அவள் முன்னால் பட்டு மலைபோல் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானை மேலே தெரிய மடித்து, அட்டையில் சுற்றி அடுக்கினாள். அத்தை பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் காலி அட்டைப்பெட்டிகள்.

“சட்டம் வந்த புதுசுல போட்டாங்கக்கா. நல்ல முதலாளிதான். கஸ்டமர் இல்லன்னா உக்காரலாம்னு சொல்லியிருக்காங்க. கஸ்டமர் இல்லன்னா மடிக்கிற வேலை இருக்கும். மடிச்சு முடிச்சா அடுத்த கஸ்டமர் வந்துருவாங்க. அப்புறம் எங்க உக்கார்றது?”

22ஏ பிரிவை என் குறிப்பேட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தேன். வாங்கி, உதடு அசையப் படித்தாள். இதைக் கடையில் எங்காவது ஒட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“வாய்ப்புக் கிடைச்சான்னு போட்டிருக்காங்களே, வாய்ப்பு கிடைச்சுதான்னு யாருக்கா சொல்லணும்? நானா, ஃப்ளோர் சூப்பர்வைசரா?”

அன்று காலையிலிருந்து மாலை வரை பேரவையில் கேட்ட எந்தத் துணைக்கேள்வியும் இவ்வளவு கூர்மையாக இல்லை. சட்டத்தில் அதற்கு விடை இல்லை என்று சொன்னேன். தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம் என்றேன். ஸ்டூல் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார், இருக்கிறது, எழுதிக்கொண்டு போய்விடுவார் என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

“சாப்பாட்டு நேரத்துல யாரும் கை வைக்க மாட்டாங்கக்கா. ஏன்னா அதுக்கு நேரம் இருக்கு. இதுக்கும் நேரம் போடச் சொல்லுங்க. இத்தனை மணிக்கு ஒருவாட்டி இத்தனை நிமிஷம்னு. நேரம் போட்டா நான் சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வாங்கிக்குவேன்.”

உணவு இடைவேளையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கணக்கோடு எழுதியிருக்கிறது. உட்காருவதை மட்டும் வாய்ப்பின் கையில் விட்டிருக்கிறது. அவள் சொன்ன திருத்தத்தை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, தொழிலாளர் துறைக்கும் ஆரணி, தியாகராய நகர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். துணிக்கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லாத் தொகுதியிலும் இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் 22ஏ பிரிவு மறுபடி அவைக்கு வரவேண்டும்.